பாவனை விளையாட்டின் பழுதுகளை அறிகுறி கண்டு நீக்குதல்

ஏரி மதகை எப்போது திறப்பது, ரயில் நிலையத்தில் முகமறி கேமரா வைக்கலாமா, கடல்நீரைக் குடிநீராக்க எவ்வளவு செலவிடலாம் என்பன போன்ற கேள்விகளை மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிப் பார்க்கும் பாவனை விளையாட்டுகளைச் சென்னையின் கல்லூரிகளுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் வடிவமைப்பவர்களை மனத்தில் கொண்டு இவ்வழிமுறை எழுதப்பட்டுள்ளது. சோதனை ஆட்டம் முடிந்து, ஏதோ சரியில்லை என்பது தெரிந்தும் எது சரியில்லை என்பது பிடிபடாதவர், தாம் கண்ட அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முடிவெடுப்பவர் யார், முடிவெடுக்கும் நேரத்தில் அவருக்குத் தெரிந்தது எவ்வளவு, அந்த முடிவின் விலையைக் கொடுப்பவர் யார். இம்மூன்றும் விதிகளிலேயே இருந்தால்தான் சிக்கல் ஆடுபவரின் கைக்கு வருகிறது. அறிமுக உரையிலும் அட்டைகளின் வாசகத்திலும் மட்டும் இருந்தால், ஆடுபவர் அதைப் படித்துவிட்டு வேறொரு விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பார். பெரும்பாலான பழுதுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று: ஒரு சோதனை ஆட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

அறிகுறி: எல்லாரும் ஒரே முடிவை எடுக்கிறார்கள், வாக்குவாதமே எழவில்லை

செம்பரம்பாக்கம் ஏரியை வைத்து விளையாட்டு அமைப்பவர்கள் எல்லாரும் முதலில் சந்திப்பது இந்தப் பழுதைத்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதையும், அடையாற்றின் கரையில் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கியதையும் அறியாதவர் இந்நகரத்தில் இல்லை. ஆகவே "மழை வருகிறது, மதகைத் திறப்பீர்களா?" என்று கேட்ட மாத்திரத்தில் அனைவரும் முதல் சுற்றிலேயே திறந்துவிடுகிறார்கள். அவர்கள் அதிகாரியின் இடத்தில் அமரவில்லை. பின்னாளில் செய்தித்தாள் படித்தவரின் இடத்திலேயே இருக்கிறார்கள்.

இதை நீக்க, ஆண்டை மறைத்துவிட்டு ஆட்டத்தை நவம்பர் நடுவில் தொடங்குங்கள். ஆடுபவர் கையில் அன்றைய நீர்மட்டமும் அன்றைய வானிலை அறிவிப்பும் மட்டுமே இருக்கட்டும். ஏரியின் முழு ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதும், சென்னையின் ஏரிகள் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் சேர்வதைக் கொண்டே அடுத்த கோடையைக் கடக்கின்றன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வானிலை அறிவிப்பில் "அதி கனமழை" என்று இருக்கும். ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்வதை அச்சொல் குறிக்கும். ஆனால் அந்த மழை ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யுமா, நகரத்தின்மேல் பெய்யுமா, கடலிலேயே தீர்ந்துவிடுமா என்பதை அந்தச் சொல் சொல்லாது. மூன்று அறிவிப்பு அட்டைகளைக் கொடுத்து அவற்றில் ஒன்று மட்டும் மெய்யாகும்படி அமைத்தால், அதிகாரி நிற்கும் இடம் ஆடுபவருக்கு விளங்கத் தொடங்கும்.

அத்துடன் ஆட்டத்தை டிசம்பரில் முடித்துவிடக் கூடாது, அடுத்த கோடை வரை கொண்டுசெல்ல வேண்டும். 2015இல் நிரம்பி வழிந்த இதே ஏரி 2019 ஜூனில் வறண்டு கிடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நவம்பரில் திறந்துவிட்ட நீரை மே மாதத்தில் திரும்பப் பெற முடியாது. முன்னதாகத் திறந்தவருக்கு இரண்டாம் பாதியில் பழி வர வேண்டும், தாமதித்தவருக்கு முதற்பாதியிலேயே வர வேண்டும். அதிகாரத்தையும் பிரித்து வையுங்கள்: மதகைத் திறக்கப் பரிந்துரைப்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர், ஒப்புதல் வர ஒரு சுற்று ஆகும் என்ற ஒரே விதி மேசையின் பேச்சையே மாற்றிவிடும். ஏரியின் திறப்பு மட்டுமல்லாமல் அடையாற்றில் வந்து சேரும் பிற ஏரிகளின் உபரியும் வெள்ளத்தில் பங்கு கொள்கிறது என்பதால், மதகைக் கையில் வைத்திருப்பவரால் கட்டுப்படுத்த முடியாத ஒரு நீர்வரத்தையும் சேர்ப்பது நேர்மையானது. அதை விட்டுவிட்டால் ஒரே ஒருவரைக் குற்றவாளியாக்கும் விளையாட்டாக அது சுருங்கிவிடும்.

இவற்றைச் செய்த பிறகும் ஒரே முடிவுதான் வருகிறது என்றால் அட்டைகளின் மொழியைப் பாருங்கள். விளையாட்டை அறியாத ஒருவரிடம் தெரிவு அட்டைகளை மட்டும் காட்டி, இதை எழுதியவர் எதை விரும்புகிறார் என்று கேளுங்கள். அவர் தயங்காமல் சரியாகச் சொன்னால், "தொலைநோக்கான", "அவசரமான", "மக்கள் நலன்சார்" போன்ற அடைமொழிகள் உங்கள் விருப்பத்தை வெளிக்காட்டிவிட்டன என்று பொருள். அவற்றை நீக்கி, செயலை மட்டும் எழுதுங்கள்.

அறிகுறி: தொழில்நுட்ப அட்டை வந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை ஒருவர் வாங்கியவுடன் தண்ணீர்ச் சிக்கல் தீர்ந்து, மற்றவர்களுக்குப் பேச எதுவும் இல்லாமல் போகிறது. தொழில்நுட்பத்தின் பயனை மட்டும் அட்டையில் எழுதி, அது உருவாகும் காலத்தையும் தின்னும் மின்சாரத்தையும் விட்டுச்செல்லும் கழிவையும் எழுதாமல் விட்டதே இதற்குக் காரணம். மீஞ்சூர் ஆலை 2010இலும் நெம்மேலியின் முதல் ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும்படி கட்டப்பட்டவை. நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கான இரண்டாம் ஆலை 2024இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே வாங்கிய சுற்றிலேயே நீர் வரும் என்ற விதி தவறு. சில சுற்றுகள் பணம் மட்டுமே போக வேண்டும், அதற்குள் ஒரு தேர்தலும் ஒரு கோடையும் வந்துபோக வேண்டும்.

மின்சாரக் கணக்கை ஆடுபவர்களே போடும்படி விடுங்கள். இம்முறையில் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தேவைப்படும் என்று மட்டும் அட்டையில் எழுதினால் போதும். நாளுக்கு 10 கோடி லிட்டர் என்றால் 3 முதல் 4 லட்சம் யூனிட் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். தாமே கண்டுபிடித்த எண்ணை அவர்கள் மறப்பதில்லை. உப்பு செறிந்த கழிவுநீர் கடலுக்கே திரும்புவதால், அந்தக் கரையில் வலை வீசும் மீனவரும் மேசையில் இருந்தாக வேண்டும்.

முகமறி கேமரா போன்றவற்றில் பழுது வேறொரு இடத்தில் இருக்கும். "99.9 விழுக்காடு துல்லியம்" என்று அட்டையில் எழுதினால் எல்லாரும் வாங்குவார்கள். அதையே எண்ணிக்கையாக மாற்றுங்கள். ஒரு ரயில் நிலையத்தை நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேர் கடக்கிறார்கள், தேடப்படுபவர்கள் அவர்களுள் ஐந்து பேர் என்று ஆட்டத்துக்காக வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒருவரைத் தவறாக அடையாளம் காட்டும் கருவி, ஐந்து பேரையும் பிடித்தாலும்கூட, தொடர்பில்லாத நூறு பேரை நிறுத்தும். அந்த நூறு பேரில் ஒருவராக ஓர் ஆட்டக்காரரை ஒவ்வொரு சுற்றிலும் உட்கார வைத்து, அவருக்கு அன்றைய கூலி இல்லை என்ற விதியைச் சேர்த்தால், கேமராவை வாங்குவதா என்பது மெய்யான கேள்வியாகிவிடும். தேடப்படுபவர்களுள் காணாமல்போன ஒரு குழந்தையும் இருக்கட்டும். இல்லாவிட்டால் எதிர்ப்பது மட்டுமே எளிதாகி, ஆட்டம் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

இதே விளையாட்டில் சட்டத்தையும் ஒரு விதியாகவே கொண்டுவர வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அரசு அதில் குறுக்கிட வேண்டுமென்றால் அதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், முறையான தேவை வேண்டும், குறுக்கீடு அந்தத் தேவையின் அளவை மீறாமல் இருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் முறையிடும்போது இம்மூன்றையும் நிலைய நிர்வாகம் வாய்விட்டு நிறுவ வேண்டும் என்று விதி எழுதுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கை செய்யப்பட்ட அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் தருகிறது. அந்த விலக்கை ஓர் அட்டையாக்கி, அதை எந்தச் சுற்றில் பயன்படுத்துவது என்பதை நிர்வாகத்திடமே விட்டுவிடலாம்.

அறிகுறி: எல்லாரும் மதிப்பெண்ணைத் துரத்துகிறார்கள், கொள்கையைப் பற்றிய பேச்சே இல்லை

ஆடுபவர்களைக் குறை சொல்ல வேண்டாம். எதற்கு மதிப்பெண் என்று நீங்கள் எழுதினீர்களோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே அளவுகோலை வைத்திருந்தால் அதை உடைத்து, குடிநீர் வாரியத்துக்கு ஒன்று, டேங்கர் லாரி உரிமையாளருக்கு ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளருக்கு ஒன்று என்று வெவ்வேறாக எழுதுங்கள். ஒருவருடைய வெற்றி என்னவென்பது மற்றவருக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

இன்னும் ஆழமான ஒரு வழி உண்டு. நம் வீடுகளில் "பிசினஸ்" என்ற பெயரில் ஆடப்படும் விளையாட்டின் மூலம், அமெரிக்கரான எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற நில உரிமையாளர் விளையாட்டு. நிலத்தைக் குவிப்பவர் எப்படி மற்றவர்களை ஓட்டாண்டியாக்குகிறார் என்பதைக் காட்டவே அவர் அதை அமைத்தார். செல்வம் எல்லாருக்கும் பகிரப்படும் இன்னொரு வகை விதிகளையும் உருவாக்கினார். பின்னாளில் விற்பனைக்கு வந்த வடிவத்தில் குவிக்கும் விதி மட்டுமே நிலைத்தது, எதிர்க்க நினைத்ததையே அந்த விளையாட்டு கொண்டாடும்படி ஆனது. ஒரே பலகையை இரு விதிகளில் அடுத்தடுத்து ஆடச் செய்வது எனக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த உத்தி. முதல் ஆட்டத்தில் தண்ணீருக்கு ஒரே விலை, இரண்டாவதில் பயன்பாடு கூடக் கூட உயரும் விலை. இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே என்ன மாறியது என்பதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அறிகுறி: ஒரு பாத்திரம் ஆட்டம் முழுவதும் பேசாமல் இருக்கிறது

பெரும்பாலும் பாதிக்கப்படுபவரின் பாத்திரம்தான் இப்படி ஆகிறது. 2015க்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. வேலையும் பள்ளியும் பழைய இடத்தில், வீடு புதிய இடத்தில். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை விளையாட்டில் சேர்த்துவிட்டு, "உங்கள் கருத்தைக் கூறலாம்" என்று மட்டும் விதி எழுதினால், முதல் சுற்றில் அவர் கருத்தைக் கூறுவார், யாரும் கேட்கவில்லை என்பதைக் கண்டு இரண்டாம் சுற்றிலிருந்து அமைதியாகிவிடுவார். அந்த அமைதியைக் கூச்சம் என்று எண்ணி ஆட்டத்தை நடத்துபவர் அவரைப் பேசத் தூண்டுவது வீண். குறை விதியில் இருக்கிறது.

அவருக்கு மூன்றில் ஒன்றைக் கொடுங்கள்: வேறு எவரிடமும் இல்லாத ஒரு தகவல், ஒரு செயலை ஒரு சுற்று நிறுத்திவைக்கும் ஆற்றல், அல்லது ஒத்துழைக்க மறுக்கும் ஆற்றல். தகவல் என்றால், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது வரைபடத்தைவிட அங்கே வாழ்பவருக்கு நன்றாகத் தெரியும். நிறுத்திவைப்பது என்றால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, உயர் நீதிமன்றமும் இருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தக்கூடிய தடையாணை அட்டை கற்பனையாகாது. ஆனால் அதற்கும் விலை இருக்கட்டும்: வழக்குக்காக அவர் ஒரு சுற்றின் வருமானத்தை இழக்க வேண்டும். இதைச் செய்தபின், அதுவரை அவரைத் திரும்பிப் பார்க்காத ஆணையர் தம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அறிகுறி: விதிகளை விளக்கவே பாதி நேரம் போய்விடுகிறது

இந்தத் தொல்லை பழையது. பிரஷ்யப் படைக்காக ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப்பயிற்சி விளையாட்டு, இழப்புகளைக் கணக்கிட அட்டவணைகளையும் பகடைகளையும் நம்பியிருந்தது; 1876இல் வெர்டி து வெர்னுவா அந்த விதிகளின் பெரும்பகுதியை விலக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே அடிப்படையாக்கினார். கொள்கை விளையாட்டுக்கும் இவ்வழி பொருந்தும். ஆடுபவர் தாம் செய்ய விரும்புவதையும் அது ஏன் நடக்கும் என்பதற்கான காரணங்களையும் சொல்ல, மற்றவர் ஏன் நடக்காது என்று சொல்ல, நடுவர் தீர்ப்பளிக்கலாம். ஆனால் நடுவர் ஒரு துறையை மட்டுமே அறிந்தவராக இருந்தால் அந்தத் துறையின் பார்வையே ஆட்டத்தின் உண்மையாகிவிடும். அதனால் பணமும் நீரும் போன்று எண்ணக்கூடியவற்றை விதிக்கும், மக்களின் சீற்றமும் நம்பிக்கையும் போன்றவற்றை நடுவருக்கும் விடுவதே என் பரிந்துரை. முதல் சுற்றுக்குத் தேவையான விதியை மட்டும் முதலில் சொல்லுங்கள். மற்றவை அவ்வப்போது வரட்டும்.

அறிகுறி: "எல்லாம் அதிர்ஷ்டம்தான்" என்கிறார்கள்

பரமபதத்தில் ஏணியும் பாம்பும் தாயத்தின் கையில். அங்கே அது சரி. கொள்கை விளையாட்டில் தற்செயல் நிகழ்வு முடிவுக்கு முன்னால் வந்து சூழலை மாற்ற வேண்டும், முடிவுக்குப் பின்னால் வந்து அதை அழிக்கக் கூடாது. புயல் அட்டையை எடுக்கும் இடத்தைச் சுற்றின் தொடக்கத்துக்கு நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அறிகுறி: துறை சார்ந்த ஒருவர் "நடைமுறையில் இப்படி நடக்காது" என்கிறார்

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். அதைவிட முக்கியம், எந்த அனுமானத்தை அவர் மறுக்கிறார் என்பதை அவரால் சுட்டிக்காட்ட முடிகிறதா என்பது. 1989இல் வெளியான சிம்சிட்டி கணினி விளையாட்டில் நகரம் எப்படி வளரும், வரிக்கு மக்கள் எப்படி எதிர்வினை காட்டுவார்கள் என்பவை நிரலுக்குள் மறைந்திருந்தன. ஆடுபவர் அவற்றுக்கு ஏற்ப நடக்கப் பழகுவாரே தவிர, அவற்றைக் கேள்வி கேட்க இடமில்லை. மேசை விளையாட்டுக்கு இந்தக் குறை இருக்கவேண்டியதில்லை. உங்கள் அனுமானங்கள் அனைத்தையும் ஒரே தாளில் எண்ணிட்டு எழுதி, மேசையின் நடுவே வையுங்கள். மறுப்பவர் ஏதேனும் ஓர் அனுமானத்தை அடித்துவிட்டுத் தம்முடையதை எழுதலாம், அதன்படி ஒரு சுற்று ஆடப்படும் என்று விதி செய்யுங்கள். நீர்வளத்துறையில் பணியாற்றிய ஒருவர் அடித்து எழுதும் ஒரு வரி, நூலகத்தில் நீங்கள் சேர்த்த பத்துப் பக்கக் குறிப்பைவிட விளையாட்டுக்குப் பயன்படும்.

அறிகுறி: ஆட்டத்தின் நடுவே ஒருவர் மனம் உடைந்துவிடுகிறார்

இதைப் பழுது என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. சென்னையில் வெள்ளத்தைப் பற்றி எந்த அறையில் ஆடினாலும், அந்த வெள்ளத்தில் வீட்டையோ உறவையோ இழந்தவர் அங்கே இருக்கக்கூடும். ஆட்டத்துக்கு முன்பே பொருள் என்ன என்பதை அழைப்பிலேயே தெளிவாக எழுதுங்கள். எந்தப் பாத்திரத்தை ஏற்பது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். காரணம் சொல்லாமல் எழுந்து செல்லலாம் என்பதை முதல் விதியாகப் படியுங்கள். உயிரிழப்பை மதிப்பெண்ணாகவோ வில்லையாகவோ எண்ண வைக்காதீர்கள். கண்ணீர் வந்ததால் விளையாட்டு வென்றது என்று கருதும் வடிவமைப்பாளர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் அங்கே வந்தது மதகைப் பற்றிச் சிந்திக்க. தம் இழப்பை மற்றவர்களுக்குப் பாடமாக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அறிகுறி: முடிந்ததும் "நன்றாக இருந்தது" என்று சொல்லிக் கலைந்துவிடுகிறார்கள்

ஆட்டத்துக்குப் பிந்தைய உரையாடலுக்கு நேரம் ஒதுக்காததே முதற்காரணம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் உரையாடலுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். நேரம் போதாவிட்டால் ஒரு சுற்றைக் குறையுங்கள், உரையாடலைக் குறைக்காதீர்கள். இரண்டாவது காரணம் கேள்விகளின் வரிசை. "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று தொடங்கினால், பள்ளியில் பழகிய விடையே வரும். முதலில் நடந்ததைச் சுற்றுவாரியாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே சுற்றை ஆணையரும் மீனவரும் இருவேறு விதமாக நினைவுகூர்வார்கள், உரையாடல் அந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கும். அதன்பின், அந்த நேரத்தில் எது தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பீர்கள், அதை யாரிடமிருந்து பெற்றிருக்க முடியும் என்று கேளுங்கள். மெய்யான நகரத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான். மறைத்து வைத்த இலக்குகளையும் மறைத்த ஆண்டையும் அப்போது வெளியிடலாம். முன்னரே வெளியிட்டால் எல்லாரும் தம் முடிவை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

அறிகுறி: நீங்கள் நடத்தினால் ஓடுகிறது, வேறொருவர் நடத்தினால் நின்றுவிடுகிறது

உங்கள் தலையில் மட்டும் இருக்கும் விதிகள் தாளில் இல்லை. உங்களை அறியாத ஓர் ஆசிரியரிடம் பெட்டியை அப்படியே கொடுத்து, அவர் நடத்தும்போது பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் எந்த இடத்திலெல்லாம் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் விதித்தாளில் ஒரு வாக்கியம் குறைகிறது. அந்த வாக்கியத்தை அவர் பேசிய தமிழிலேயே எழுதிச் சேர்த்து, அடுத்த முறை வேறொரு ஆசிரியரிடம் கொடுங்கள்.